மிஸ் நிப்லெட் நிற்காத வாசல்

ஜூன் மாதம் தேவாலயத் திருவிழா வந்தாலே எனக்கு எரிச்சல் வரும். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த எரிச்சலைச் சுமந்திருக்கிறேன். காரணம் மிஸ் நிப்லெட்.

திருவிழாச் சனிக்கிழமை பிற்பகலில், கேக் விற்பனையும் செடி விற்பனையும் ஓய்ந்த பிறகு, அவர் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு எங்கள் ஆஷ்லோட் ஊரின் ஆற்றோரத் தெரு முழுக்க நடப்பார். ஒவ்வொரு கட்டடத்தின் முன்பும் நின்று, கைத்தடியை நீட்டி அதன் கதையைச் சொல்வார். தேவாலயக் கோபுரத்தின் மேல்பாதி ஏன் வேறு நிறக் கல் என்று சொல்வார். கட்டிக்கொண்டிருக்கும்போது கொள்ளைநோய் வந்து கொத்தர்கள் செத்துப்போனார்களாம். ஆலை வீட்டில் கதை உண்டு, ஓடத்துறை வீட்டில் உண்டு. 'சால்மன்' மதுவிடுதியில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது தானாகவே ஆற்றுப் பக்கம் உருண்டு போகும், அதற்கும் ஒரு கதை உண்டு. ஹாட்னெட் வீட்டுப் பன்றிக் கொட்டகைக்குக்கூடக் கதை உண்டு. ஒரு பெருவெள்ளத்தில் தேவாலயத்துக்குள் தண்ணீர் புகுந்ததால் அங்கே வைத்துத்தான் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்களாம்.

கொட்டகைக்கு அடுத்தது என் வீடு. நாங்கள் அந்த வீட்டை வாங்கிய முதல் வருடம், நான் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பாலின் ஒரு ஜாடி நிறைய எலுமிச்சைச் சாறு கலந்து வைத்திருந்தாள். கூட்டம் வந்தது. மிஸ் நிப்லெட் நடையைக்கூடத் தளர்த்தவில்லை.

"இங்க ஒண்ணும் இல்ல. வாங்க, போலாம்."

அவ்வளவுதான். முப்பது பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். அன்று சாயங்காலம் மதுவிடுதிக்காரன் கோர்டன் பேலிஸ் எனக்குக் கோப்பையை நிரப்பிக் கொடுத்துக்கொண்டே சத்தமாகச் சொன்னான்: "என்ன கென், பன்னி இருந்த எடத்துக்குக்கூடச் சரித்திரம் இருக்கு, நீ இருக்குற எடத்துக்கு இல்லையாமே!"

நான் சரளைக்கல் லாரி ஓட்டுகிறவன். சரித்திரம் எனக்கு எதற்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அது உள்ளே தங்கிவிட்டது. வருடா வருடம் அதே நடை, அதே வார்த்தை.

மிஸ் நிப்லெட் பேராசிரியரோ பெரிய இடத்துப் பெண்ணோ இல்லை. எங்கள் ஊர்த் தபால்காரி, ஓடத்துறை வீட்டில் தனியாக இருப்பவர். சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றபடியே தபால் துளையில் கடிதத்தைத் தள்ளிவிட்டு, உள்ளே இருப்பவரிடம் "உங்க அடுப்பங்கரைக் கதவு இந்த வீட்டுது இல்லியே, எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்பார். பதில் வரும்வரை நகரமாட்டார். அப்படித்தான் ஊரைத் தெரிந்துகொண்டார். செவெர்ன் ஆறு ஏறித் தெருவுக்குள் வந்துவிட்டால் சைக்கிளை விட்டுவிட்டுப் படகில் வருவார். மாடி ஜன்னல் வழியாகத் தபால் கொடுப்பார். ஜன்னல் திறந்திருக்கும்போதே உத்திரத்தை ஒரு நோட்டம் விட்டுக்கொள்வார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எனக்கு நாப்பது வீடு இருக்கு, இன்னொண்ணு எதுக்கு?" என்பார்.

பொய் அவருக்கு ஆகாது. ஒருமுறை பாதிரியார் பிரசங்கத்தின் நடுவே, இந்தத் தேவாலய மணிகள் ராணியின் முடிசூட்டுக்காக வார்க்கப்பட்டவை என்றார். மூன்றாவது வரிசையிலிருந்து மிஸ் நிப்லெட் எழுந்தார். "அதுக்கு அறுபது வருஷம் முன்னாடி, ஐயா. மேல போய் எழுத்தைப் பாத்துட்டு வாங்க, நாங்க காத்திருக்கோம்." பாதிரியார் ஏறிப் போகவில்லை. ஆனால் அடுத்த வாரம் மேடையில் திருத்திச் சொன்னார். அப்படிப்பட்ட மனுஷி என் வீட்டைப் பற்றி ஒன்றும் இல்லை என்றால், ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? அதுதான் கூடுதலாக வலித்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் பாலினுக்குக் கால் போக ஆரம்பித்தது. அதற்கு முந்தைய வருடமே கையிலிருந்து கோப்பைகள் நழுவின. பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை பார்த்தவள், பெரிய அண்டாவைத் தனியாகத் தூக்குகிறவள். அவளுக்குக் கோப்பை நழுவியதை நாங்கள் இருவரும் சிரித்துத்தான் கழித்தோம். பிறகு நரம்பு நோய் என்றார்கள். இனிச் சக்கர நாற்காலிதான், குணமாகாது என்றார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மா வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் முன்கதவில் நாற்காலி சிக்கிக்கொண்டது. உள்ளே அடுப்பங்கரைக்குப் போகிற வழியில் அதைவிட மோசம். ஆற்றுப் பக்கச் சுவரில் இருந்தது ஒரு சின்ன ஜன்னல் மட்டும்.

"நகரத்துல ஒரே தளத்துல வீடு இருக்கு, மிஸஸ் டஸ்டின். எல்லா வசதியும் செஞ்சது. அங்க போயிடுங்களேன்."

"அங்கேருந்து ஆறு தெரியுமா?" என்றாள் பாலின்.

"தெரியாது. ஆனா பஸ் நிலையம் பக்கம்."

"எங்க அப்பா சால்மன் மீனுக்கு வலை போட்ட ஆறும்மா அது. எனக்கு எந்த பஸ்ல ஏறி எங்க போகணும்?"

அந்த அம்மா போன பிறகு பாலின் அழுதாள். இந்த வீட்டை விட்டுக் கிளம்பினால் நோய் தன்னைச் சீக்கிரம் கொண்டுபோய்விடும் என்றாள். நான் அன்றைக்கே முடிவு செய்தேன். ஆற்றுப் பக்கச் சுவரை உடைத்து அகலக் கதவு வைப்பது. அடுப்பங்கரைச் சுவரை எடுத்துவிடுவது. அந்தக் கதவுக்கு வெளியே கான்கிரீட் சரிவு. மைத்துனன் டெனிஸ் கொத்துவேலைக்காரன். குவாரியில் எனக்குச் சரளைக்கல் கிடைக்கும். கோடை வரட்டும் என்று காத்திருந்தோம்.

அந்த வசந்தத்தில்தான் லண்டனிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தான். பழைய கட்டடங்களைப் பார்த்துப் பட்டியல் போடுவது அவன் வேலை. அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால், உங்கள் சொந்த வீடே ஆனாலும் ஒரு ஜன்னலை மாற்றுவதற்கு மேலிடத்தைக் கேட்க வேண்டும். ஹாட்னெட் வீடு ஏறியது. இற்றுப்போன ஜன்னலை மாற்ற விண்ணப்பித்துவிட்டு இரண்டு குளிர்காலம் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த அதிகாரிக்கு ஊரைச் சுற்றிக் காட்டியது வேறு யார்? மிஸ் நிப்லெட்தான். நான் வேலிக்குப் பின்னால் குனிந்து புதர் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை.

"இந்த வீடு?" என்றான் அவன்.

"இங்க ஒண்ணும் இல்ல. போன நூற்றாண்டுச் செங்கல். உள்ள எல்லாத்தையும் மாத்திட்டாங்க."

"கூரை ரொம்பச் செங்குத்தா இருக்கே. மேல ஏறி ஒரு பார்வை பாத்துடலாமா?"

"நாய் இருக்கு. போன வாரம் மீட்டர் பாக்க வந்தவன் கால்சட்டையக் கிழிச்சு வெச்சிருச்சு."

அவன் ஒரு அடி பின்வாங்கினான். இருவரும் நடந்து போனார்கள்.

எங்களிடம் நாய் இல்லை. என்றைக்கும் இருந்ததில்லை. நாய் முடி பட்டாலே பாலினுக்குத் தும்மல் வரும். நான் வெட்டுக்கத்தியோடு உள்ளே ஓடினேன்.

"கேட்டியா? நம்ம வீட்டுக்குள்ள நுழையறதே அந்தக் கிழவிக்கு அசிங்கமாம்! நாய் இருக்குன்னு பொய் சொல்றா!"

பாலின் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "நாய் கடிக்குந்தானே, கென்? இதோ, கத்தியோட நிக்குதே."

அதன்பிறகு வீட்டில் நான் எப்போது குரலை உயர்த்தினாலும், "பேசாம இரு, நாய் முழிச்சிக்கும்" என்பாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

கோடையில் சுவரை உடைத்தோம். டெனிஸும் நானும் முட்டுக்கொடுத்து, கதவுக்கு மேலே தாங்குகிற லிண்டலைத் தூக்கி வைத்து, அகலமாக இரட்டைக் கதவு போட்டோம். முழுக்கக் கண்ணாடி. பாலினை நாற்காலியில் வைத்துச் சரிவில் இறக்கியதும் அவள் சக்கரத்தைத் தானே தள்ளிக்கொண்டு ஆற்றங்கரைப் புல் வரைக்கும் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் கதவருகே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மிஸ் நிப்லெட் தபாலோடு வந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டுச் சுற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார். இதுவரைக்கும் அப்படிச் செய்ததில்லை. கதவை மேலிருந்து கீழே பார்த்தார். நிலையைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல கதவு," என்றார். போய்விட்டார்.

சரி, இனியாவது நிற்பார் என்று நினைத்தேன். அடுத்த ஜூனிலும் அதே "இங்க ஒண்ணும் இல்ல". அதிலும் கொடுமை, அந்த வருடம் பாலினே நாற்காலியில் அந்தக் கூட்டத்தோடு போனாள். தன் வீட்டைத் தாண்டும்போது என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனாள்!

"ஒரு வகையில நல்லதுதான்," என்று அன்று இரவு உணவின்போது சொன்னேன். "ஒண்ணுக்கும் உதவாத வீடா இருக்கறதால பட்டியல்ல ஏறல. ஹாட்னெட் மாதிரி மாட்டிக்கல."

"ஆமாம்," என்று உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே சொன்னாள் பாலின். "அதிர்ஷ்டந்தான்."

பதினெட்டு வருடம் அந்தக் கதவு வழியாக அவள் ஆற்றைப் பார்த்தாள். வெள்ளம் வருவதற்கு முன் தண்ணீரின் நிறம் மாறுவதை எங்கள் தெருவில் முதலில் சொல்கிறவள் அவள்தான். பனியில் அன்னங்கள் இறங்குவதைக் கணக்காகப் பார்த்துச் சொல்வாள். கடைசி வருடங்களில் கை முழுக்கப் போய்விட்டது, கண் போகவில்லை. அந்தக் கதவுக்கு முன்னால்தான் கட்டிலைப் போட்டிருந்தோம். அங்கேதான், ஒரு காலையில், வெயில் தண்ணீரில் பட்டு மேல்கூரையில் ஆடிக்கொண்டிருந்தபோது போனாள். நகரத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போகவில்லை. அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். நன்றி சொல்ல வேண்டிய ஆள் தெருக்கோடியில் ஓடத்துறை வீட்டில் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

பாலின் போன பிறகு மிஸ் நிப்லெட்டுக்கு நான் விறகு கொண்டுபோய்ப் போட ஆரம்பித்தேன். கோபம் இருந்தது, ஆனாலும் கிழவி குளிரில் கிடக்கக்கூடாது. முதலில் வாசலோடு திரும்பினேன். பிறகு தேநீர் குடித்தேன். இதயம் பலவீனமாகி அவர் கட்டிலைக் கீழ் அறைக்குக் கொண்டுவந்தபோது அதைத் தூக்கி இறக்கியவன் நான். நடை மட்டும் நிற்கவில்லை. போன ஜூனில்கூட இரண்டு கைத்தடியோடு வந்து என் வாசலைத் தாண்டிப் போனார்.

இந்த ஏப்ரலில் விலாங்குக் குஞ்சுகள் ஆற்றில் ஏறின. டெனிஸ் பிடித்துக் கொடுத்ததில் கொஞ்சம் எடுத்துப் பன்றிக்கொழுப்பில் முட்டையோடு வதக்கி, ஒரு தட்டில் மூடிக்கொண்டு போனேன். தலையணையில் சாய்ந்தபடி சாப்பிட்டார். சாப்பிடட்டும் என்று காத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"மிஸ் நிப்லெட், ஒண்ணு கேக்கணும்."

"கேளு. இப்பக் கேக்காம சவப்பெட்டியத் தட்டியா கேக்கப்போற?"

"என் வீட்டு வாசல்ல ஒரு தடவகூட ஏன் நிக்கல?"

முள்கரண்டியைக் கீழே வைத்தார். "உன் ஆத்துப்பக்கக் கதவு என்ன அகலம்?"

"ஆறடி."

"அந்த லண்டன்காரப் பையன் உன் கூரைக்குள்ள ஏறியிருந்தா ஆறங்குலம் உடைக்க விட்டிருப்பானா?"

எனக்கு விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"மேல மரமெல்லாம் கருப்பா இருக்கே, பாத்திருக்கியா?"

"இருக்கு. எப்பவோ தீப்பிடிச்சிருக்கு."

"தீயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது புகைக் கரி. நடுவீட்டுல தரையில நெருப்பு மூட்டிப் புகையக் கூரை வழியா விட்ட காலத்து வீடுடா அது. புகைபோக்கின்னு ஒண்ணு இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி. செங்கல் பின்னால சுத்திக் கட்டின சட்டை. ஆலைக்கு முன்னாடி, ஓடத்துறைக்கு முன்னாடி, கோர்டனோட கடைக்கு இருநூறு வருஷம் முன்னாடி. இந்தத் தெருவுலயே மூத்த வீடு உன்னுதுதான். எனக்கு இருபது வயசுல, முன்ன இருந்தவங்க காலத்துல, ஏறிப் பாத்திருக்கேன். வெளிய யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அவங்க அப்பவே வாக்கு வாங்கிட்டாங்க, அதான் நீ வந்த முதல் வருஷமும் நிக்கல."

நான் நாற்காலியை அவர் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஆஸ்பத்திரித் தபால நான்தானே கொண்டு வந்தேன். பாலின் என் கண்ணெதிர்லதான் பிரிச்சா. வாசப்படியில உக்காந்துட்டா. அப்புறம் ஒரு நாள், கதவு போடணும்னு நீ சொன்னத எங்கிட்டச் சொன்னா. அடுத்த மாசமே லண்டன் பையன் வர்றான்னு எனக்குத் தகவல். என்ன பண்ணச் சொல்ற? அதனால நாய் வளத்தேன்."

"பாலினுக்குத் தெரியுமா?"

"நாய்க்குப் பேருகூட வெச்சிருந்தோம். அவ உங்கிட்டச் சொல்லலியா?"

"எங்கிட்ட ஏன் ரெண்டு பேரும் சொல்லல?"

"சொன்னா அன்னிக்குச் சாயங்காலமே கோர்டன் கடையில போய் நெஞ்சத் தட்டிக்கிட்டு, 'உன் கடைய விட என் வீடு பழசுடா'ன்னு கத்தியிருப்ப. இல்லன்னு சொல்லு, பாக்கலாம்."

ஒப்புக்கொண்டு தலையை ஆட்டினேன்.

"சரி. பாலின் போயி எட்டு வருஷம் ஆச்சே. அப்புறமும் ஏன் நிக்கல?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஆறு கலங்கலாக, நிறைவாக ஓடிக்கொண்டிருந்தது.

"நின்னா கூரையப் பத்திச் சொல்லணும். கூரையப் பத்திச் சொன்னா எவனாவது பெரிய படிப்பாளி வந்து எழுதுவான், 'பின்பக்கச் சுவர் பலமா சேதப்படுத்தப்பட்டிருக்கு'ன்னு. பாலின் கதவு சேதமா? என் காதுல அது விழ வேண்டாம்னு இருந்தேன்."

அவர் பிரசங்கத்தின் நடுவே எழுந்து நின்று பொய்யைத் திருத்தியவர். என் வாசலில் மட்டும் ஒவ்வொரு ஜூனிலும், ஊர் பார்க்க, ஒன்றும் இல்லை என்று பொய் சொல்லியிருக்கிறார். அது அவருக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்பதை நான் அந்த அறையில்தான் நினைத்துப் பார்த்தேன். நன்றி என்று சொன்னேன். அது போதவில்லை. வேறு வார்த்தை எனக்குத் தெரியாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தபால் பையின் வார் இழுத்து இழுத்து ஒரு தோள் கீழே இறங்கிய மெலிந்த உடம்பு. கை மட்டும் இன்னும் பிடி விடாத கை.

மே மாதம் முதல் வாரத்தில், கோபுரத்துக்கு உழவாரக் குருவிகள் திரும்பி வந்த நாட்களில், அவரைப் புதைத்தோம். தேவாலயத்தின் ஆறு மணிகளையும் அடித்தார்கள். கோர்டன் கடையை மூடிவிட்டு வந்து சவப்பெட்டிக்கு ஒரு தோள் கொடுத்தான். என் கூரையைப் பற்றி அவனிடம் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய சாதனை அதுதான்.

வாயைத் திறக்காததற்குக் காரணம் இருக்கிறது. விலாங்குக் குஞ்சு கொண்டுபோன அன்றைக்கு, தட்டை எடுத்துக்கொண்டு நான் கதவு வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"கென். இந்த ஜூன்ல நடைய நீ நடத்து."

"நானா? எனக்குப் பேசத் தெரியாதே."

"கடையில ராத்திரி பூரா பேசுறியே, அது என்ன? மத்த வீட்டுக் கதையெல்லாம் ஹாட்னெட் பொண்ணு சொல்லிக் குடுப்பா. நீ உன் வீட்டு வாசல்ல நிக்கணும். அதுதான் வேணும்."

"நின்னு கூரையப் பத்திச் சொல்லவா?"

"கூரை ஓடிப்போயிடாது, கடைசியில சொல்லிக்கலாம். முதல்ல எல்லாரையும் ஆத்துப் பக்கம் கூட்டிட்டுப் போ. கதவைக் காட்டு. யாரு போட்டது, யாருக்காகப் போட்டதுன்னு சொல்லு. அந்த வீட்டுல கடைசியா நடந்த பெரிய விஷயம் அதுதான். அப்புறம்..."

மூச்சு வாங்கியது.

"அந்த நீலச் சட்டை இருக்கா? முதல் வருஷம் இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தியே. அதைப் போட்டுக்கிட்டு நில்லு."